கடல் பார்த்த குசினி

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு முன்னால் வீடு என்றால் சொந்தபந்தமெல்லாம் வாயைப் பிளக்கும். அந்த வீட்டிலேயே முப்பத்தாறு வருடம் குடியிருந்த புஸ்பராணிக்குக் கடல் என்றால் வெறும் சத்தம்தான். வாசலில் மரைன் டிரைவ் வீதி, அதைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். அவளுடைய குசினியோ பின்பக்கம். தேங்காய் துருவும்போதும் இடியப்பம் பிழியும்போதும் பக்கத்து பிளாட்டின் ஏசி தண்ணீர் சொட்டுகிற சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டைத் திருத்திக் கட்டுவதென்று முடிவானபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கறியைத் துழாவும்போது கடல் தெரியவேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

கேட்டவுடன் கொடுக்க அவள் கணவர் தவராசா என்ன சாதாரண ஆளா? நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் கூட்டம் என்று சட்டம் போட்டார். வீட்டு வரைபடம் கீறும் ரொஷேல், கட்டப்போகும் மேசன் செபஸ்தியன் பாஸ், "வீட்டு உரிமையாளர்" தவராசா. முதல் இருவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து நேரத்துக்கு வந்துவிடுவார்கள். மூவரும் கலந்து பேசி எடுக்கும் முடிவெல்லாம் கூட்டக் குறிப்புக் கொப்பியில் ஏறும். கீழே மூன்று கையொப்பம் விழும். புஸ்பராணி தேத்தண்ணி கொண்டுவருவாள். கோப்பையைக் கொப்பிக்கு மேல் வைத்தால் ஏச்சு விழும்.

முதல் சனிக்கிழமையே அவள் தன் ஆசையைச் சொல்லிவிட்டாள்.

"மேற்குப் பாத்த குசினி வாஸ்துவுக்கு ஆகாது. உமக்கு விளங்காது," என்றார் தவராசா.

"கடல் காத்தில எல்லாம் கறள் பிடிச்சிரும் ஆன்டி," என்றாள் ரொஷேல்.

"பைப் எல்லாம் பின்னுக்குத்தானே இருக்கு அக்கா. முன்னுக்குக் கொண்டுவாறதுன்னா வீட்டையே பிரட்டணும்," என்றார் பாஸ்.

மூவரும் இப்படி ஒரே குரலில் பேசியது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான். கடல் பக்க அறை தவராசாவின் அலுவலக அறை என்று கொப்பியில் ஏறியது. ஓய்வுபெற்று ஆறு வருடமான மனிதருக்கு என்ன அலுவலகம் என்று புஸ்பராணி கேட்டாள். தேத்தண்ணி ஆறிவிட்டது என்று பதில் வந்தது.

எட்டாவது சனிக்கிழமை வரைபடம் தயார். "மாநகரசபைக்குக் குடுக்க வீட்டு உறுதி வேணும் அங்கிள்," என்றாள் ரொஷேல். தவராசா அலுமாரியைத் திறந்து பத்திரம் இருந்த ஒரு பழைய உறையைப் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தார். ரொஷேல் வாசித்தாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

"அங்கிள், இதில உங்கட பேரே இல்லையே. ஆன்டியின்ட பேர்தான் இருக்கு."

தவராசா அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார்.

அது புஸ்பராணிக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டின் உறுதி. "வீடு கொழும்பிலதான் வேணும், பொம்பிளையின்ர பேரில எழுதவேணும்" என்று கலியாணப் பேச்சில் ஒற்றைக் காலில் நின்றவரே தவராசாதான். பிறகு முப்பத்தாறு வருடம் வரிப்பணம் கட்டி, கேற்றில் தன் பெயர்ப்பலகையையும் மாட்டியதில் மனிதர் மறந்தே போனார். புஸ்பராணியும் மறந்துதான் போயிருந்தாள். அதை நினைக்க அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் மீதி.

"அதுக்கென்ன," என்று சமாளித்தார் தவராசா. "இஞ்சேரும், இந்தப் படத்தில ஒரு கையெழுத்து வையும்."

புஸ்பராணி தேத்தண்ணித் தட்டைக் கொப்பிக்கு மேலேயே வைத்தாள். ஏச்சு வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"படத்தை விரியுங்கோ பிள்ளை. பாத்துப்போட்டுத்தான் வைப்பன்." அவள் விரல் அலுவலக அறையில் போய் நின்றது. "இதுதான் குசினி."

"பைப்பா அக்கா? பைப் என்ன, சொன்ன இடத்துக்கு வரும்," என்றார் செபஸ்தியன் பாஸ், முதல் ஆளாக.

"கறள் பிடிக்காத ஸ்டீல் இருக்கு ஆன்டி," என்றாள் ரொஷேல்.

வாஸ்து மட்டும் இன்னும் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தது. "அடுப்பையாவது கிழக்குப் பாக்க வைச்சால்..." என்று இழுத்தார் தவராசா.

"அப்ப முதுகாலயோ நான் கடலைப் பாக்கிறது?"

அன்றைய கூட்டக் குறிப்பையும் தவராசாதான் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது.

பத்து மாதத்தில் வீடு முடிந்தது. ஒருநாள் பின்னேரம் புஸ்பராணி புதுக் குசினியில் பருப்பைத் துழாவிக்கொண்டு நின்றாள். சன்னல் நிறையக் கடல். அறையைப் பறிகொடுத்த தவராசா வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினி வாசற்படியில் வந்து நின்றார்.

"இஞ்ச கொஞ்ச நேரம் இருக்கட்டே?"

அந்த வீட்டில் எங்கே உட்காரவும் அவர் யாரிடமும் கேட்டதில்லை. அவளுக்கு மனம் இளகிவிட்டது.

"இருங்கோவன், ஆர் வேண்டாமெண்டது?" என்று சொல்லி, சின்ன வெங்காயச் சுளகை அவர் மடியில் வைத்தாள். "கண்தானே கடல் பாக்கப்போகுது. கை சும்மாதானே இருக்கு."

நாலாவது வெங்காயத்தில் தவராசாவின் கண் கலங்கிவிட்டது. "ஒண்டும் தெரியேல்லையப்பா," என்று புறங்கையால் துடைத்தார்.

"முப்பத்தாறு வருசமா எனக்கும் அப்பிடித்தான் இருந்தது," என்றாள் புஸ்பராணி, கடலைப் பார்த்தபடி.