பேழை முன் போட்ட சண்டை

தங்கைக்குப் பரவசம் வந்தால் அக்காவுக்கு வயிற்றெரிச்சல் வந்துவிடும். அந்தப் பரவசமும் சும்மா வராது. தங்கையின் கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும் நேரம் பார்த்துத்தான் வரும்.

அப்பா அம்மா போன பிறகு சலவைக்கடையைத் தூக்கி நிறுத்தியவள் அக்காதான். ஆஸ்பத்திரி விரிப்புகள், ஓட்டல் மேசைத்துணிகள், கல்யாண உடைகள் என்று வேலை குவிந்து கிடக்கும். தங்கை தேய்த்துக்கொண்டே இருப்பாள். திடீரென்று கண் மேலே செருகும், கை அப்படியே நின்றுவிடும். கருகல் நாற்றம் மூக்கில் ஏறினால்தான் ஆண்டவர் வந்திருக்கிறார் என்று அக்காவுக்குத் தெரியும்.

"வர்றவரு நேரம் காலம் பாத்து வரக்கூடாதாடி?"

"சொல்லிப் பாக்கறேன்க்கா" என்பாள் தங்கை, நிஜமாகவே சொல்லப்போகிறவள் போல.

விஷயம் ஊரில் கசிந்தது. வாசலில் கூட்டம் கூடியது. ஒரு அம்மாள், புனிதப் பெண் தொட்ட துணி என்று கொடியில் காய்ந்த விரிப்பில் ஒரு முழம் கத்தரித்துக்கொண்டு போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் என்ன பதில் சொல்வது? அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு தங்கைக்கு எலும்புருக்கி நோய் வந்தது. பின்னறையில் படுக்கையோடு படுக்கையாகிவிட்டாள். வைத்தியர் கொடுத்த வலி மருந்தைத் தொடவில்லை.

"வலிய ஆண்டவருக்குக் கொடுத்துட்டேன்க்கா."

"கொடுத்துட்டா அது ஏன்டி இன்னும் உங்கிட்டயே இருக்கு?"

ஒரு மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுமை அற்றுப்போனது. "உன் ஆண்டவர் வந்தா இந்த இருமலையாச்சும் நிறுத்தச் சொல்லு."

"அவர் வர்றதில்லக்கா. படுத்ததுலேருந்து வரவே இல்ல. செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு."

"அப்புறம் என்னத்துக்கு விடிஞ்சா பொழுதுபோனா செபம்?"

"அவர் வரலங்கறதுக்காக நானும் போகாம இருக்க முடியுமா?"

அக்கா மடித்த துணியை வீசிவிட்டு எழுந்தாள். ஈர முந்தானையோடு கோயிலுக்கு நடந்தாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மெழுகுதிரித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சட்டை செய்யாமல், ஆண்டவர் குடியிருக்கும் நற்கருணைப் பேழைக்கு நேரே போய் நின்றாள்.

"நல்லா நடமாடறப்ப நாள் தவறாம வந்து வேலையக் கெடுத்தீங்க. இப்ப படுத்துக் கெடக்கா, எட்டிப் பாக்கல. எங்க சொந்தக்காரங்களே தேவலாம் போலிருக்கு."

உபதேசியார் துடைப்பதை நிறுத்திவிட்டார். அக்கா பதிலுக்கு நின்று பார்த்தாள். கால் ஓய்ந்து மண்டியிட்டாள். செபம் ஒன்றும் சொல்லவில்லை. முறைத்துக்கொண்டிருந்தாள், பிறகு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள். "எங்கக்கா போன?"

"சண்டை போட."

"என்ன சொன்னாரு?"

"வாயே தொறக்கல."

தங்கை சிரித்தாள், இருமல் பிடித்துக்கொள்ளும் வரை சிரித்தாள். "எங்கிட்டயும் அப்படித்தான்க்கா இருக்காரு."

அன்றிலிருந்து அக்காவும் கட்டிலோரம் உட்கார்ந்து செபமாலை சொன்னாள், நடுநடுவே முணுமுணுத்தபடி. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு காலையில், அக்காவின் விரலைப் பிடித்தபடி, தங்கை போய்ச்சேர்ந்தாள். தரிசனம் எதுவும் திரும்பி வந்ததாக அவள் சொல்லவில்லை.

வருஷங்கள் கழித்து, புனிதர் பட்டத்துக்கான விசாரணை என்று இரண்டு குருக்கள் வந்தார்கள். இளையவர் ஆவலோடு கேட்டார். "கடைசி வரைக்கும் ஆண்டவர் அவங்களோட பேசிக்கிட்டேதானே இருந்தாரு?"

"இல்ல சாமி. என் தங்கச்சிதான் பேசிக்கிட்டிருந்தா."

இளையவர் முகம் வாடிவிட்டது. மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதை இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார்.

பட்டம் கொடுத்த நாளில் அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பூசை நீண்டுகொண்டே போனது. முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் உருகிப்போய், "உங்களுக்கு எவ்வளவு பெருமை" என்றார்.

"பெருமை கெடக்கட்டும். காலு மரத்துப்போச்சு, கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்றாள் அக்கா.