மரியாதை தெரிந்த மரம்

ராகினி மரத்தைத் தட்டினால் மரம் திட்டும். நல்ல மரமாக இருந்தால்தான் திட்டும். உள்ளே உளுத்த மரம் மரியாதையாகப் பேசும். கிளை வெட்ட ஆள் ஏறுவதற்கு முன் மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பார்ப்பது ஒன்பது வருடமாக அவள் வேலை. தஞ்சோங் கிளிங் என்ற ஊரில் ஒரு புளியமரம் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து ஏசியது. அண்ணன் திலீபன் சிரித்துக்கொண்டே கயிற்றைப் போட்டு உச்சிவரை ஏறினான். கூட வேலை பார்க்கும் ஆட்களுக்கு இது பழகிப்போனது; சாப்பாட்டு நேரத்தில்கூட இதைப் பேசுவதில்லை.

குருபோங் ஊர் அம்மன் கோயில் தூங்குமூஞ்சி மரத்தில்தான் வம்பு வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதன் அடியில் பொந்து விழுந்தபோது, கோயில் தலைவர் தனபாலன் சிமெண்டு வைத்து அடைத்து, மேலே அம்மன் முகம் வரைந்து மஞ்சள் பூசிவிட்டார். மரமும் பிழைத்தது, புண்ணியமும் சேர்ந்தது என்று அவருக்கு நினைப்பு. இப்போது திருவிழாவுக்கு அன்னதானப் பந்தல் போட, குறுக்கே நீண்ட கிளையை இறக்க வேண்டும். ராகினி தட்டினாள். கெட்டியான சத்தம்தான் வந்தது. சிமெண்டு வேறு என்ன சொல்லும்? ஆனால் மரம், "வாங்கம்மா, சாப்டீங்களா? அண்ணன ஏறச் சொல்லுங்க," என்றது.

"யாரும் ஏறக் கூடாது. உள்ள ஒண்ணுமே இல்ல. கிரேன் கொண்டாங்க," என்றாள்.

"அம்மா குடியிருக்கிற மரம்லா இது! சத்தம் கேட்டுச்சில்ல? வாய மூடிக்கிட்டுப் போ!" என்று தனபாலன் கத்தினார்.

திலீபனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், கோயில் காரியத்தில், தங்கை பேச்சுக்குப் பயந்தான் என்ற பெயர் அவனுக்கு வேண்டாம். "சும்மா இரு புள்ள, அம்மா பாத்துக்குவா," என்று இடுப்பு வாரை இறுக்கிக் கயிற்றைக் கிளைக்கு மேல் எறிந்தான். மரம் அவனையும் பெயர் சொல்லி அன்பாக அழைத்தது. கூடியிருந்த நாற்பது பேரும் கேட்டார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ராகினி லாரியிலிருந்து சம்மட்டியை எடுத்து வந்து அம்மன் நெற்றியிலேயே போட்டாள். மூன்றாவது அடியில் முகம் பிளந்தது. காப்பித்தூள் மாதிரி மரத்தூள் கொட்டித் திலீபனின் பூட்ஸை மூடியது. அவன் கயிற்றை விட்டான். தனபாலன் அவளைச் செருப்பால் அடித்தார். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை, காற்றே இல்லாமல், மரம் அடுக்கி வைத்திருந்த பந்தல்கால்கள் மேல் விழுந்தது. விழும்போது "மன்னிச்சிருங்க" என்றது. அதைப் பற்றி ஊரில் யாருக்கும் குறையில்லை. பண்போடு போய்ச் சேர்ந்த மரம் என்றார்கள். அம்மன் முகத்தை உடைத்தவள் இனிமேல் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்று கோயில்காரர்கள் எழுதி ஊராரிடம் கையெழுத்து வாங்கினார்கள். முதல் கையெழுத்து திலீபனுடையது.