பதினொன்றரை மணி பஸ்

மறியலின் மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஈ, காக்கை இருக்காது என்று நினைத்துத்தான் வந்தேன். இடஒதுக்கீடு கேட்டு சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சின்னசேலத்திலிருந்தும் பஸ் இல்லை, திருக்கோவிலூரிலிருந்தும் பஸ் இல்லை. எங்கள் வாசலுக்கு எதிரே நின்ற புளியமரமும் குறுக்கே கிடந்தது. ஆனால் கூடம் நிரம்பி வழிந்தது. அத்தனை பேரும் கல்வராயன் மலைக்காரர்கள்.

"ஏஞ்சலின், மலையில ஏதோ கொள்ளைநோய்" என்றேன் நர்ஸிடம். "குளோரின் எவ்வளவு இருக்கு பாரு."

கள்ளக்குறிச்சியில் அந்த அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்கு எட்டு வருஷமாக நான்தான் தலைமை மருத்துவன். என் பெருமையெல்லாம் டோக்கன். காலை ஏழு மணிக்கு அறுபது அலுமினிய வில்லைகள். முதலில் வந்தவருக்கு முதல் வில்லை. ஜாதி, பணம், சிபாரிசு எதுவும் செல்லாது. "மந்திரியே வந்தாலும் டோக்கன் இல்லாம உள்ள விடாதே" என்று வாட்ச்மேன் பாவாடையிடம் சொல்லிவைத்திருந்தேன். ரேடியோவில் இடஒதுக்கீடு என்ற பேச்சு வந்தாலே, "சமத்துவம்னா என்னன்னு என் வாசல்ல வந்து பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். தலைமை மருத்துவன் சொன்னால் ஆட்டாமல் என்ன செய்வார்கள்?

மலையிலிருந்து மாதத்துக்கு நாலைந்து பேர்தான் ரிஜிஸ்டரில் இருப்பார்கள். சுத்தமான காற்று, சாமைச் சோறு, அதனால் மலைமக்களுக்கு நோய் குறைவு என்று ஆண்டறிக்கையிலேயே எழுதிக் கைதட்டலும் வாங்கியவன் நான். அப்படிப்பட்ட மலை ஒரே நாளில் படுத்துவிட்டது என்றால் கொள்ளைநோய் அல்லாமல் வேறென்ன?

ஒன்றாம் நம்பர் வில்லையோடு வந்தவள் ஆயம்மாள். முப்பது வயதிருக்கும். வலது கண்ணைத் துணியால் கட்டியிருந்தாள். கூட அவள் புருஷன் பூமாலை.

"சாமை பொடைக்கறப்ப உமி பட்டுடுச்சுங்க" என்றான் அவன். "கண்ணு தெரிஞ்சுடுங்களா?"

துணியை அவிழ்த்தேன். கருவிழி முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. "எல்லாரையும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். மருந்து விட்டு, பக்கத்து பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அவள் இன்னொரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தவரை அழைத்தேன். மூன்று வருஷக் குடலிறக்கம். அதற்கடுத்தவருக்கு ஆறு மாத இருமல். ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் கோழிமுட்டை அளவு வீக்கம். ஒரு குழந்தைக்குக் காதில் சீழ், அதுவும் போன கோடையிலிருந்து. வாந்தி, பேதி, காய்ச்சல் என்று ஒருவருமில்லை. இது என்ன கொள்ளைநோய், ஆளுக்கொரு விதமாக? படித்ததெல்லாம் மறந்துவிட்டதோ என்று பயந்தேன்.

பதினைந்தாவது ஆளுக்குப் பிறகு பொறுமை போய்விட்டது. ஆயம்மாளின் புருஷன் மேல் பாய்ந்தேன். எனக்கு வாய் நீளம்.

"உமி பட்டு எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசம் இருக்குங்க."

"ஒரு மாசமா என்னய்யா பண்ணே? மொதல் வாரமே வந்திருந்தா சொட்டு மருந்துலயே சரியாயிருக்குமே!"

"வந்தோங்களே. நாலு தபா வந்தோம்."

பொய் என்று நினைத்தேன். ரிஜிஸ்டரை வாங்கி ஒரு மாதத்தையும் புரட்டினேன். ஆயம்மாள் என்று ஒரு பெயரும் இல்லை. வெற்றியோடு நிமிர்ந்தபோது, கதவருகே நின்ற பாவாடை தலையைச் சொறிந்தான்.

"வந்தாங்க டாக்டர். அல்லாரும் தெனம் வந்துக்கினுதான் இருக்காங்க. மலை பஸ்ஸு பதினொன்றரைக்கு வருது. டோக்கன் எட்டு மணிக்கே காலி. புளியமரத்தடியில குந்திக்கினு இருந்துட்டு, ரெண்டு மணி பஸ்ஸுல திரும்பிப் போயிடுவாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"இன்னாத்த சொல்றது? மந்திரிக்கே இல்லன்னு சொன்னீங்க."

பஸ் நின்றுபோனதால் முந்தின நாளே நடந்து இறங்கி, கச்சிராயபாளையத்தில் தங்கி, இருட்டோடு கிளம்பி, ஏழு மணிக்கு வாசலில் நின்றிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வர வழியில்லாததால் மறியலின் முதல் நாள் வந்த நாலு பேருக்கு டோக்கன் கிடைத்த செய்தி மலையேறியிருக்கிறது. அவ்வளவுதான் என் கொள்ளைநோய்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நோயாளிகளை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்று அது தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டு, அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று இருவரிடமும் சொன்னேன். ஆயம்மாள் அழவில்லை. துணியை எடுத்துத் தானே கட்டிக்கொண்டாள்.

"புண்ணு ஆறணும். பத்து நாள் கழிச்சு வாங்க" என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அதுக்குள்ள மறியல் முடிஞ்சுடும். பஸ் ஓடும், நடக்க வேணாம்" என்றும் சேர்த்தேன்.

பூமாலையின் முகம் விழுந்துவிட்டது.

"பஸ்ஸு ஓடிச்சுன்னா நாங்க எப்பிடிங்க வர்றது?" என்றான்.

பத்தாம் நாள் பஸ் ஓடியது. அறுபது வில்லைகளில் இருபதை மலைக்காரர்களுக்கென்று எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். வாசலில் நாற்பதோடு நிறுத்தச் சொன்னேன். எட்டு மணிக்கே வாசலில் சண்டை. மணலூர்பேட்டைக் கரும்பு விவசாயி தனசேகரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஏழரைக்கே வந்து நிக்கறேன். ரோட்டுலதான் இடஒதுக்கீடுன்னா இங்கயுமா? அல்லாரும் சமம்னு நீங்கதான டாக்டர் சொல்லிக்கினு இருந்தீங்க?"

என் வாக்கியம்தான். அவர் முழங்காலும் நிஜமாகவே வீங்கியிருந்தது. செய்தது நியாயமா என்று எனக்கே குழப்பம். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உங்களையும் பார்க்கிறேன் என்று சொல்லி உட்காரவைத்தேன். அவர் ஒத்துக்கொண்டாரே தவிர, என்னை மன்னிக்கவில்லை.

பதினொன்றரைக்கு மலை பஸ் வந்தது. இறங்கியவர்களில் ஒருவர்கூட வாசல் பக்கம் திரும்பவில்லை. நேராக எதிர்ப்புறம் போனார்கள். அங்கே மரம் இல்லை, வெட்டிய அடிக்கட்டைதான் இருந்தது. அதைச் சுற்றி, நிழல் இருந்த இடத்தில், வெயிலில் உட்கார்ந்தார்கள்.

நானே சாலையைக் கடந்து போனேன். ஆயம்மாள் கையில் ஒரு வில்லையை வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூமாலை பதறி எழுந்து சாலையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான்.

"இன்னாங்க டாக்டர்," என்றான், "திரும்பவும் ரோட்ட மறிச்சிட்டாங்களா?"