முப்பத்தைந்துக்கு ஒரு வண்டி

...அறுபதாயிரத்துக்குக் குறையாமல் விலை போகிற வண்டியை முப்பத்தைந்துக்குத் தருகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது, எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை, என்று நினைத்தபடியே புவனேஸ்வரி கிளட்சை விட, வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மூன்றாவது தடவை. பின்னால் உட்கார்ந்திருந்த கொழுந்தன் அரிகரன் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, "இன்னா அண்ணி, வுட்டா பறந்துடும்னு பயமா? மெதுவா வுடுங்க, அது எங்கியும் போவாது" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு இடித்தது. கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷம், இவன் அவளைப் பார்த்துச் சிரித்தது எத்தனை முறை, விரல் விட்டு எண்ணிவிடலாம். போன மழையில் அவள் அரிசி மூட்டையோடு மடுகரை பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு நின்றபோது, பார்த்தும் பார்க்காத மாதிரி வண்டியில் கடந்து போனவன். அவன்தான் இந்தப் பத்து நாளாகக் கரும்பு வெட்டிய காலி நிலத்தில் அவளுக்குக் கியர் சொல்லிக் கொடுக்கிறான். வண்டி பார்த்துக் கொடுத்தான், விலை பேசினான், 'எல்' ஸ்டிக்கரைக்கூட அவனே வாங்கி வந்தான், அதுவும் தாம்பாளம் அளவுக்குப் பெரியது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எல்லாரும் ஓரத்தில் பெயருக்கு ஒட்டுகிறார்கள், இவனுக்கு ஏன் இவ்வளவு பெரிய எழுத்து?

சந்தேகம் அவளுக்குத் தொழில். தமிழ்நாட்டுப் பக்கம் வளவனூர் ரத்தப் பரிசோதனை லேபில் ஆறு வருஷம், வெறும் வயிற்றில்தான் வந்தேன் என்று சத்தியம் செய்கிறவர்களின் வாயில் இட்லி வாசம் அடிக்கும், ஊசி குத்துமுன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். லேப் முதலாளியம்மா நிவேதா போன வாரம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள், ஒண்ணாந்தேதியிலிருந்து காலை ஆறரைக்கு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க ஆள் வேண்டும், "வண்டி இருந்தா நீ, இல்லன்னா வேற பொண்ணு பாத்துக்கறேன், கோச்சிக்காத." அவள் ஊர் மடுகரையிலிருந்து முதல் பஸ்ஸே ஏழு இருபதுக்குத்தான். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஆறு நாள். வேலை போனால் மறுபடியும் கரும்புப் பணம் எப்போது வரும் என்று மாமியார் முகத்தையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு ஜாக்கெட் துணிக்குக்கூட... வேண்டாம், அதை நினைக்கக் கூடாது, கிளட்ச், முதல் கியர், மெதுவாக... இந்தத் தடவை வண்டி நகர்ந்தது.

புது வண்டி ஒரு லட்சத்துப் பத்து, தவணையில் எடுத்தால் மூன்று வருஷம் கழுத்தில் கயிறு. பழைய ஸ்கூட்டி ஐம்பதுக்கு வந்தது, ஆனால் அந்தச் சின்னச் சக்கரம் கரும்பு டிராக்டர் கிழித்துப் போட்ட ரோட்டில் விழுந்து எழுந்து வருமா? கியர் வண்டிதான் சரி என்று முடிவெடுத்தது அவள்தான், அதில் யாருக்கும் பங்கில்லை. கையில் இருப்பது நாற்பத்திரண்டு. வண்டி முப்பத்தைந்து, பேர் மாற்றவும் இன்ஷூரன்சுக்கும் மூன்று, ஹெல்மெட் ஆயிரத்து நூறு, பின் டயர் ஆயிரத்து எண்ணூறு, எல்லாம் போக ஆயிரத்து நூறு மிச்சம், முதல் மாதப் பெட்ரோலுக்கு. அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிற விலை. அதுதான் உறுத்தல். நாற்பத்திரண்டு என்ற எண் அவளுக்கும் அவள் புருஷன் நவநீதனுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? ஒரு மிக்சி வாங்கப் பதினைந்து நாள் சண்டை போட்ட மனுஷன், வண்டி என்றதும், "ஒனக்கு இன்னா தோணுதோ வாங்கிக்க, அரி பாத்து முடிப்பான்" என்று சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். தலையைத் தூக்கியிருந்தால் நம்பியிருப்பாள்.

முதலில் செத்தவன் வண்டி என்று நினைத்தாள். அடிபட்டு ஆள் போன வண்டியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். விசாரித்தாள், வண்டிக்காரன் புகழ்வேந்தன் உயிரோடு குத்துக்கல்லாக இருக்கிறான், கத்தாருக்கு விசா வந்துவிட்டது, அவன் அம்மாவே ரேஷன் கடை வரிசையில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். திருட்டு வண்டியோ என்று நினைத்தாள். ஆர்.சி. புத்தகத்தில் ஒரே பேர், கடன் இல்லை, போனில் நம்பரைப் போட்டுப் பார்த்தால் ஹெல்மெட் போடாததற்கு ஒரே ஒரு அபராதம். எல்லாம் சுத்தம். எல்லா அளவும் சரியாக இருக்கிற ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் அவள் டியூபில் ஒட்டிய பேரை இரண்டாம் முறை சரிபார்ப்பாள். அரிக்குத் தெரியாமல் நெட்டப்பாக்கத்து மெக்கானிக் சார்லஸிடம் காட்டினாள். "இஞ்சின் கல்லு மாதிரி கீதும்மா, கண்ண மூடிக்கினு எடு" என்றான் அவன், பிறகு குனிந்து பின் சக்கரத்துக்கு மேலே தட்டிப் பார்த்து, "இந்த ஸ்பிரிங்குதான் புரியல, மூட்ட ஏத்துற வண்டிக்கி மாட்றது, இதுல எதுக்கு மாட்டுனான்?" என்றான். மூட்டை ஏற்றவா? புகழ்வேந்தனுக்கு நிலமும் இல்லை, கடையும் இல்லை. சீட்டைத் திறந்து பார்க்கலாமென்றால் சாவி திரும்பவில்லை. "லாக்கு துரு புடிச்சிக் கெடக்கு அண்ணி, அத நீங்க நோண்டாதீங்க, நானே சரி பண்ணித் தரேன்" என்று அரி சொல்லி நாலு நாளாகிறது.

காலி நிலத்தை விட்டு ரோட்டில் ஏறியாயிற்று, இரண்டாவது கியர், மூன்றாவது, காற்று முகத்தில் அடித்தபோது ஒரு நிமிஷம் எல்லாச் சந்தேகமும் பின்னால் போய்விட்டது. இரண்டு பக்கமும் நெல், எதிரே வந்த பஸ்ஸுக்கு அவளே ஒதுங்கி வழிவிட்டாள், அவளே, யாரும் சொல்லாமல். புதுச்சேரி எல்லை வரப்போகிறது. இந்தப் பக்கத்து ஆட்களின் பழக்கம் அது, மடுகரையிலிருந்து ஹெல்மெட்டைக் கையில் வளையல் போல மாட்டிக்கொண்டு வருவார்கள், தமிழ்நாட்டு போர்டு தெரிந்ததும் ஓரங்கட்டித் தலைக்கு ஏற்றுவார்கள், அந்தப் பக்கம் அபராதம் ஆயிரம் ரூபாய். அவளும் ஓரங்கட்டினாள், மாட்டினாள், கொக்கியைப் போட்டாள். அரி இறங்கி நின்று அவளைக் கல்யாணப் பெண்ணைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தான். "கண்ணாடிய மேல தூக்கி வுடுங்க, மூஞ்சி தெரியட்டும். சடைய வெளிய எடுத்து முன்னால போட்டுக்கங்க." எதுக்குப்பா என்றாள். "காத்தோட்டமா இருக்கும்ல." சடைக்கு எதற்குக் காற்றோட்டம்? "செக்போஸ்ட்ட நீங்களே தாண்டிப் போங்க அண்ணி, நான் நடந்தே வரேன், அப்பத்தான் பயம் தெளியும்." எல்.எல்.ஆர். வைத்திருப்பவள் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவன் இருக்க வேண்டும், அது சட்டம், அதைப் பத்து நாளைக்கு முன்னால் அவளுக்குச் சொன்னவனே இவன்தான். இன்றைக்கு இறங்கிக்கொள்கிறான். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ஏனென்றால் தனியாகப் போக அவளுக்கு ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை.

நூறடி. செக்போஸ்டில் முன்னால் போன இரண்டு பையன்களை ஓரங்கட்டி, பையைத் திறக்கச் சொல்லி, ஒருவன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரி பிராந்தி பாட்டில் இந்தக் கோட்டைத் தாண்டினால் விலை ஏறிவிடும், அதனால் இந்த ரோட்டில் வயசுப் பையன் வண்டி ஓட்டினாலே தடவல்தான். அவள் முறை வந்தது. அந்தப் போலீஸ்காரருக்கு அவள் அப்பா வயது இருக்கும், 'எல்' எழுத்தைப் பார்த்தார், சடையைப் பார்த்தார், முகம் இளகிப்போயிற்று. "பாத்து மெதுவா போம்மா, கரும்பு லோடு வருது, ஓரமாவே போ." கையை வீசி அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டார்! சிரிப்பு வந்தது, இவ்வளவுதானா, இதற்கா பத்து நாள் தூங்கவில்லை... அப்போதுதான் இடது பக்கம் பார்த்தாள். பிடித்த வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், பத்துப் பதினைந்து இருக்கும், வெயிலில் வெளுத்து, டயரில் காற்றிறங்கி. எல்லாவற்றிலும் சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். சீட்டுக்கு அடியில் தகரத்தை வளைத்துப் பற்றவைத்த பெட்டி, பாட்டில்கள் படுத்துக்கொள்கிற அளவுக்கு. கடைசி வண்டியின் பின் சக்கரத்துக்கு மேலே தடித்த ஸ்பிரிங், மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு மாட்டுவது.

வளைவு தாண்டி நிறுத்தினாள். இறங்கவில்லை. தொடைக்குக் கீழே சீட் கெட்டியாக இருந்தது, எப்போதும் இப்படித்தான் இருந்ததா, இன்றைக்குத்தான் இருக்கிறதா? இன்று காலியாகத்தான் இருக்கும், இன்று ஒத்திகை, வண்டிக்கு இல்லை, அவளுக்கு. தாம்பாளம் அளவு எழுத்து எதற்கு என்று இப்போது தெரிகிறது, கண்ணாடியைத் தூக்கிவிட்டதும், சடையும். ஆறு வருஷமாக லேபுக்குப் போய்வருகிற குடும்பத்துப் பொம்பளை, தினமும் ஒரே நேரம், ஒரே ரோடு, எவன் சீட்டைக் கிழிப்பான்? அப்படியென்றால் புகழ்வேந்தன் வண்டியை விற்கவே இல்லை, ஆளைத்தான் மாற்றுகிறான். அவள் பணத்திலேயே. அவள் பேரிலேயே. மாட்டினால் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கும்? நவநீதனுக்கு இது தெரியுமா... தெரிந்துதான் தலையைத் தூக்கவில்லையா, இல்லை, பசியா?

அரி ஓட்டமும் நடையுமாக வந்தான், வியர்வையோடு, முகமெல்லாம் பல். "பாத்தீங்களா, ஒங்கள நிறுத்தவே இல்ல! நானெல்லாம் போனா ஜட்டி வரைக்கும் பாப்பானுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "காலைல வண்டிய லேபு வாசல்ல வெயில்ல போடாதீங்க அண்ணி, பக்கத்துல நம்ம பையன் ஷெட்டு ஒண்ணு கீது, அங்க வுட்டுட்டுப் போங்க, தொடச்சி வெப்பான், சர்வீஸும் ப்ரீ. அப்பறம்... நீங்க நல்லா ஓட்றீங்க, அதனால சொல்றேன், முப்பதுக்கே முடிச்சித் தரேன்." நல்லா ஓட்டினால் விலை குறையுமா, எந்த ஊரில்? சாவியை உருவி இவன் மூஞ்சியில் எறிய வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட வேண்டும், சீட்டைக் கடப்பாறையால் நெம்பி மாமியார் முன்னால் திறந்து காட்ட வேண்டும். ஆறு நாள். ஆறரை மணி. வேற பொண்ணு. முப்பது என்றால் ஐயாயிரம் மிச்சம், அந்த ஐயாயிரத்தில்...

"இருபத்தஞ்சுன்னா?" என்றாள்.

யார் கேட்டது? அவள்தான். குரல்கூட நடுங்கவில்லை, சந்தையில் கத்தரிக்காய் கேட்கிற குரல். அரி சிரிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, தனக்குச் சமமான ஒரு ஆளைப் பார்ப்பது போல. எதற்கு இருபத்தைந்து என்று அவன் கேட்கவில்லை, ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவன் வாயைப் பிடுங்கத்தான் கேட்டேன் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அப்படித்தானே? வேறு எதற்குக் கேட்பேன்? "இருங்க, கேட்டுப் பாக்கறேன்" என்று அவன் போனை எடுத்து நம்பரைத் தேடினான், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது, போனைக் காதில் வைத்தான், அந்தப் பக்கம் ரிங் போகிற சத்தம் அவளுக்கும் கேட்டது, ஒன்று, இரண்டு, இன்னும் யாரும் எடுக்கவில்லை, இன்னும் நேரம் இருந்தது.