மேலாளருக்குக் கோபம் வர வேண்டும்

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் இடமாற்றம் வாங்க ஒரே வழிதான் இருந்தது: மேலாளரிடம் திட்டு வாங்குவது. காலையில் கோப்பைத் தூக்கி எறிவார், வாய்க்கு வந்தபடி கத்துவார். மாலைக்குள் மனசு உறுத்தும். திட்டு வாங்கியவரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

தலைமையகத்துக்கு இது பொறுக்கவில்லை. அவரையும் கீழ்மாடி மேலாளரையும் மனநலப் பயிற்சிக்கு அனுப்பியது. உள்ளங்கையளவு சதுர அட்டை, கறுப்பு மைப் பேனா, அழிப்பான் கூடாது. கோடு, வளைவு, புள்ளி என்று திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பினால் மனம் அடங்கும், கற்பனை பெருகும் என்றார்கள்.

அடங்கித் தொலைத்தது. யார் எதைக் கேட்டாலும் வரைந்தபடியே "பார்க்கலாம்" என்றார். திட்டவில்லை, அதனால் உறுத்தவில்லை, அதனால் கையெழுத்தும் இல்லை.

இடமாற்றம் கேட்டிருந்த கணக்குப் பிரிவுக்காரிக்குத்தான் இடி. கணவனும் மூன்று வயது மகளும் வேறு ஊரில். குழந்தை இப்போது கைப்பேசியைக் காட்டி "அம்மா" என்கிறதாம்.

"எரிச்சல் மூட்டு தங்கச்சி. பழைய மனுஷன் உள்ளதான் எங்கயோ இருக்காரு" என்றார் பக்கத்து மேசைக்காரர். விடுப்பு கேட்டுக் காத்திருப்பவர் அவர்.

தாமதமாக வந்தாள். "நிதானமா வாங்கம்மா" என்றார் மேலாளர். இழப்பீட்டுத் தொகையில் ஒரு பூஜ்யத்தைக் கூட்டிக் காட்டினாள். "தப்புன்னு எதுவுமே கிடையாதும்மா" என்றார். கடைசியில் அவர் முழங்கையையே தட்டிவிட்டாள். அட்டையின் குறுக்கே கோடு ஓடியது. மூச்சை இழுத்துவிட்டு அதில் இலை வரைந்தார். "பாத்தீங்களா, கொடியாயிடுச்சு."

"அண்ணே, அந்தாளு உடம்புல ரத்தமே இல்ல. பூரா மைதான்."

"படத்தைப் பத்தி என்ன சொன்னே?"

"நல்லா இருக்குன்னேன்."

"கெடுத்தியே!"

மறுநாள் அவள் மறுபடி போய் நின்றாள். "பார்க்கலாம்" வந்தது. அவள் அட்டையை உற்றுப் பார்த்தாள்.

"அழகா இருக்கு சார். ஆனா கீழ்மாடி சார் வரையறது இன்னும் கொஞ்சம் அமைதியா இருக்குன்னு பேசிக்கிறாங்க."

பேனா நின்றது.

"யாரு?"

"எல்லாரும்தான் சார். அவருக்கு வளைவு தானா வருதாம். உங்களுக்குக் கொஞ்சம் முக்குற மாதிரி தெரியுதாம்."

அட்டை பறந்தது, பேனா பறந்தது, பின்னாலேயே ஒரு கோப்பும். "அவனுக்கு நேர்கோடே வராது! பயிற்சியில என்னைப் பாத்து வரைஞ்ச பய! உனக்குக் கண்ணு இருக்கா? வெளிய போ!"

கடைசி மேசை வரை கேட்டது. நெடுநாள் கழித்து மழைச் சத்தம் கேட்டவர்களைப் போல எல்லோரும் தலைநிமிர்ந்தார்கள்.

மாலையில் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "குழந்தை நல்லா இருக்காளா?" என்று சுவரைக் கேட்டார். அவள் கதவருகே போனதும் மெல்லிய குரல் வந்தது.

"அந்த வளைவு... நிஜமாவே அப்படிச் சொன்னாங்களா?"

உத்தரவு கையில் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வெளியே விடுப்பு விண்ணப்பத்தோடு நின்ற பக்கத்து மேசைக்காரரை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா சார்."

வெளியே வந்து, "அடுப்பு அணையல அண்ணே, போங்க" என்றாள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

அவள் படியிறங்கும்போது மேலேயிருந்து கேட்டது: "நீயும் போய்ப் பாத்தியா அவன் படத்தை?"