முதல் மின்சாரம் தலைவர் கையால்

காரின் திரையில் மூன்று சதவீதம் என்று வந்ததும் முனிராஜ் ஏசியை நிறுத்தினார், பாட்டை நிறுத்தினார், எதிர்க்காற்று பிடிக்குமென்று கண்ணாடிகளையும் இறக்காமல் விட்டார். பின்னிருக்கையை மடித்துப்போட்டு அடுக்கியிருந்த ஆறு சாக்குப் பட்டுக்கூட்டின் புழுவாடை அவரோடு உள்ளே அடைந்துகொண்டது.

தர்மபுரி ஏல அங்காடியில் பன்னிரண்டு மணிக்குள் கூட்டை இறக்கிவிட வேண்டும். இன்று செவ்வாய். நாளை ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. இரண்டு நாளும் விடுமுறை. அதற்குள் உள்ளிருக்கும் புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு பறந்துவிடும். துளைத்த கூட்டில் நூல் ஓடாது. இருபத்தைந்து நாள் இராத்தூக்கம் கெட்டு மல்பெரித் தழை வெட்டிப்போட்ட உழைப்பு குப்பைக்குப் போகும்.

வழக்கமாகக் கூடு ஏற்றிப்போவது கருப்பண்ணனின் குட்டியானை வண்டிதான். எலக்ட்ரிக் கார் வந்த மறுநாளே முனிராஜ் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். "இனிமே உன் புகைவண்டி நமக்கு வேணாம் கருப்பண்ணா. ஊரு கெட்டுப்போவுது" என்று டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னார். கருப்பண்ணன் டீயை ஊதிக் குடித்தான்.

நேற்று இரவு கார் எண்பது சதவீதத்தில் இருந்தது. பிறகு கார் பார்க்க மொரப்பூரிலிருந்து மைத்துனர் ராஜாமணி குடும்பத்தோடு வந்தார். சத்தமே இல்லாமல் ஓடுகிறதே என்று அதிசயித்தவர்களை முனிராஜ் நம்ப வைக்க வேண்டியிருந்தது. கோயிலுக்கு நான்கு நடை. பென்னாகரம் வரை ஒரு நடை. கடைசியில் வீட்டில் புழுக்கமாக இருக்கிறதென்று ராஜாமணி ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே படுத்துவிட்டார். காலையில் "மெத்தையாட்டம் தூக்கம் மச்சான்" என்று இறங்கியபோது ஒன்பது சதவீதம் மிச்சமிருந்தது. வீட்டில் சொருகினால் ஏறப் பாதி நாளாகும். மனைவி சுகுணா கருப்பண்ணனைக் கூப்பிடச் சொன்னாள். முனிராஜ் செல்போனைக் காட்டினார். பாப்பாரப்பட்டி தாண்டியதும் புதிதாக ஒரு சார்ஜிங் நிலையம், பக்கத்தில் பச்சைப் புள்ளி, 'காலியாக உள்ளது.'

அது உண்மைதான். ஒன்பதேகால் மணிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது நிலையம் காலியாகத்தான் இருந்தது. ஆள் உயரப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குச் சாமந்தி மாலை போட்டு, சந்தனம் வைத்து, காலடியில் பூசணிக்காய் நிறுத்தி, சுற்றிலும் நான்கு கம்பு நட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பின்னாலிருந்த பிளெக்ஸ் பேனரில் தலைவர் இருபதடி உயரத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எலக்ட்ரிக் கார் ஒன்று அவர் முழங்காலுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் இருந்தது.

நிலையத்தின் உரிமையாளரான ஓட்டல்காரர் மாதவராஜ் பட்டு வேட்டியோடு ஓடி வந்தார்.

"வாங்க வாங்க. ஆனா கிட்ட வராதீங்க, ரிப்பன் அறுந்துறப் போவுது."

"பத்தே நிமிசம் சார்ஜ் போட்டாப் போதும்ங்க. கூடு ஏத்தியிருக்கேன். தர்மபுரி போவணும்."

"அய்யய்யோ, தலைவர் வந்து தொடங்கி வெக்கணும்ங்களே! அதுக்கு முன்னாடி யாராச்சும் போட்டா, அது போட்ட சார்ஜுங்களா? பந்தியில எச்ச எலையில உக்கார வெச்ச மாதிரி ஆயிருமுங்க."

"கரண்டுல ஏதுங்க எச்சில்?"

"எமகண்டம் பத்தரைக்கு முடியுது. முடிஞ்ச கையோட வந்துருவாரு" என்றவர், காரை இப்போதுதான் முழுதாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. விழாவுக்கென்று கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு எலக்ட்ரிக் கார் வருவதாக ஏற்பாடு. அது வழியில் சார்ஜ் தீர்ந்து காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டதாம். "தெய்வமாப் பாத்து உங்கள அனுப்பியிருக்குது. தலைவர் கையால மொத சார்ஜ் உங்க வண்டிக்குத்தான்!"

முனிராஜ் கணக்குப் போட்டார். பத்தரைக்கு வந்து, பத்தே முக்காலுக்குக் கிளம்பினால் பதினொன்றேகாலுக்கு அங்காடி. சரி என்றார்.

ஓட்டலுக்குப் பின்புறம் டீ குடிக்கப் போனபோது அங்கே கருப்பண்ணனின் குட்டியானை நின்றிருந்தது. அதன்மேல் ஒரு ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக் கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. கருப்பண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிய்த்தான்.

"என்னங்க முனிராஜண்ணா, காரு களைச்சிப்போச்சா?"

"விழாவுக்குக் கூப்ட்டிருக்காங்க" என்றார் முனிராஜ்.

"அப்படீங்களா. நானும் விழாவுக்குத்தான். முடியறவரைக்கும் வண்டி நவுரக் கூடாதுன்னு ஒரே பேச்சு."

மைக் செட்டுக்காக வந்திருப்பான் என்று முனிராஜ் நினைத்துக்கொண்டார். அவனிடம் மேற்கொண்டு விசாரிக்கக் கௌரவம் இடம் தரவில்லை.

பத்தரை ஆயிற்று. தலைவர் வரவில்லை. அதற்குள் முனிராஜின் காருக்கு மாலை போட்டார்கள். முன்கண்ணாடியில் வாழ்த்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். போட்டோகிராபர் உள்ளே எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார். "இந்த மூட்டையெல்லாம் எறக்கிருங்க. பசுமைன்னு நியூஸ் போடப்போறோம், புழுநாத்தம் அடிக்குது." சாக்குகளை இறக்கிப் பூசணிக்காய்க்குப் பக்கத்து நிழலில் அடுக்க வேண்டியதாயிற்று. முனிராஜ் குனிந்து ஒரு சாக்கில் காது வைத்துப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை என்றாலும் உள்ளே ஆயிரம் அந்துப்பூச்சிகள் பயணத்துக்குத் தயாராவது போலவே இருந்தது.

பத்து ஐம்பதுக்குத் தலைவர் வந்தார். முன்னால் மூன்று, பின்னால் நான்கு, நடுவில் அவருடையது, எல்லாமே பெரிய டீசல் வண்டிகள். எதையும் அணைக்காமல் வரிசையாக உறுமிக்கொண்டிருக்க, தலைவர் மேடையேறிப் புகையில்லாத மாவட்டம் பற்றிப் பேசினார். பதினெட்டு நிமிடம் பேசினார். முனிராஜ் கடிகாரத்தைப் பார்த்த நேரங்களில் கைதட்டினார்கள்.

பிறகு ரிப்பன். பிறகு சார்ஜர் பிடியைத் தலைவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதைப் பெட்ரோல் போடுவது போலத் தலைகீழாகப் பிடித்தார். மாதவராஜ் பணிவோடு திருப்பிக் கொடுத்தார்.

"ஓனர் கொஞ்சம் இப்படி வாங்க. கரண்டு ஏர்ற மாதிரி சிரிங்க" என்றார் போட்டோகிராபர்.

முனிராஜ் சிரித்தார். திரையில் மூன்று நான்காயிற்று. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு எண்ணை அவர் பார்த்ததில்லை. உடனே பிடியைப் பிடுங்கினார்கள். வேறொரு கோணத்தில் ஒரு படம் வேண்டுமாம். அதையும் எடுத்து, சால்வை போட்டு, எட்டு வண்டிகளும் புழுதி கிளப்பிக்கொண்டு போனபோது மணி பதினொன்று இருபது.

முனிராஜ் தானே ஓடிப்போய்ப் பிடியைச் சொருகினார். பெட்டியில் பச்சை விளக்கு இல்லை. பின்பக்கத்துத் தடதடப்பும் நின்றிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

மாதவராஜ் மாலையைச் சரிசெய்தபடியே சொன்னார். "விழா முடிஞ்சுதுங்களே. ஜெனரேட்டர நிறுத்தச் சொல்லிட்டேன்."

"அது மைக்குக்கு இல்லீங்களா?"

"மைக்குக்கும்தான். பெட்டிக்கு இன்னும் லைன் இழுக்கலீங்க. நான்தான் பணம் கட்டல, கட்டிக்கலாம்னு இருந்துட்டேன். லைன் வந்தப்புறம் தலைவர் தேதி கெடைக்கலீன்னா என்ன பண்றது? கெடச்சப்ப முடிச்சுட்டேன்." முனிராஜின் முகத்தைப் பார்த்து ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்: "நீங்க வேணும்னா காரை இங்கயே சொருகி நிறுத்திட்டுப் போங்க. நாலு பேர் பாத்தா நடக்குதுன்னு தெரியும்."

முனிராஜ் ஓட்டலுக்குப் பின்னால் ஓடினார். குட்டியானை கிளம்பும் தறுவாயில் இருந்தது.

"கருப்பண்ணா! எங்க போற?"

"அடுத்த விழா. தர்மபுரியில."

"கூடு..." என்று ஆரம்பித்தார். டீக்கடையும் அந்தப் பத்துப் பேரும் நினைவுக்கு வந்தார்கள். தோளில் தலைவர் போட்ட சால்வை வேறு. "உன் வண்டியில ஏத்திக்கிறியாப்பா?"

"பொகைவண்டிங்களே, பரவால்லீங்களா?"

"அன்னிக்குப் பேசுனது தப்பு. பத்துப் பேர் முன்னாடி வேணும்னாலும் சொல்றேன். இப்ப ஏத்து."

கருப்பண்ணன் இறங்கி முதல் சாக்கைத் தூக்கினான். "பத்துப் பேரெல்லாம் வேணாங்க. நாளைக்குப் பூசைக்கு என் வண்டிக்கு உங்க கையால மாலை போடுங்க. காருக்கு முன்னாடி."

இடமில்லாமல் சாக்குகளை ஜெனரேட்டரைச் சுற்றி அடுக்கினார்கள். முன்சீட்டில் மைக் செட்டுக்காரர்கள் இருவர் இருந்ததால் முனிராஜ் பின்னால் ஏறி, சூடு ஆறாத இரும்பில் சாக்கு படாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார். வழியில் சுகுணா கூப்பிட்டாள்.

"கார்லதானே போறீங்க? என்னமோ டமடமன்னு சத்தம் கேக்குதே?"

"அது விழா சத்தம்" என்றார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, "இல்ல சுகுணா. கருப்பண்ணன் வண்டியில போறேன்" என்றார்.  

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அங்காடி வாசலில் வண்டி நின்றது. ஆறு சாக்கும் இறங்கின. தராசுக்கு முன் கடைசி ஆளாக நின்று, கைநிறையக் கூட்டை அள்ளி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் முனிராஜ். ஒன்றுகூடத் துளைபடவில்லை. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. 'எங்கள் நிலையத்தில் சார்ஜ் செய்ததற்கு நன்றி. உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?'

கருப்பண்ணன் தோள்மேலாக எட்டிப் படித்தான்.

"அஞ்சையும் குடுத்துருங்கண்ணா. ஓடுனது நம்ம ஜெனரேட்டருதானே."