பெட்டியில் இருந்த எண்

ஷாஹிரா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஜுருவில் பழைய கார் வாங்கி விற்கிறவள். எதையும் அடிப்பக்கம் பார்க்காமல் வாங்க மாட்டாள் என்று அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் கோகிலன் தன் டைவிங் சாமான்களைப் பாய் மேல் பரப்பி வைத்திருந்தான்.

"வாட்ச் புதுசு மாதிரி இருக்குண்ணே. எத்தன டைவ்?"

"நாப்பத்தொண்ணு."

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

"நேரம் இல்லம்மா."

அது பொய். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. மூச்சுக் காற்று தரும் ரெகுலேட்டரை எடுத்து, அதில் திருகியிருந்த கட்டைவிரல் அளவுக் கறுப்பு டிரான்ஸ்மிட்டரில் பொறித்த எண்ணைக் கைப்பேசியின் கேமராவில் பெரிதாக்கிப் படித்தாள். பிறகு அது வந்த அட்டைப் பெட்டியைப் புரட்டினாள்.

"அண்ணே, கோவிச்சிக்காதீங்க. இது உங்க பொருள்தானா?"

"ஏம்மா?"

"பெட்டியில மூணு, பூஜ்யம், எட்டு, ரெண்டுன்னு முடியுது. இதுல அஞ்சு, ஆறு, ஒண்ணு, ஒம்போது. காடியோட சேசிஸ் நம்பரும் கிராண்ட் பத்திரத்துல இருக்கிறதும் ஒத்துப் போகலன்னா நாங்க தொடவே மாட்டோம். பாராங் சூரி இல்லதானே?" என்று சிரித்தாள்.

திருட்டுச் சாமான் என்று அவள் விளையாட்டாகச் சொன்னதற்குக் கோகிலன் சிரிக்கவில்லை. பெட்டியையும் டிரான்ஸ்மிட்டரையும் வாங்கி ஜன்னலோரம் போய்ப் பார்த்தான். அவள் சரியாகத்தான் படித்திருந்தாள்.

அந்தச் சின்ன உருளையின் வேலை எளிமையானது. முதுகில் சுமக்கும் டேங்கில் மிச்சமிருக்கும் காற்றழுத்தத்தை அளந்து, மணிக்கட்டில் வாட்ச் போலக் கட்டிய டைவ் கம்ப்யூட்டருக்குக் கம்பியில்லாமல் அனுப்பும். நிறைந்த டேங்க் இருநூறு 'பார்' அழுத்தம் காட்டும். ஐம்பதுக்கு வந்தால் மேலே கிளம்பிவிட வேண்டும். கடலுக்கடியில் பக்கத்தில் பத்துப் பேர் இருந்தாலும் வாட்ச் குழம்பாது. நாம் பதிந்து கொடுத்த எண்ணுடைய டிரான்ஸ்மிட்டருக்கு மட்டுமே அது காது கொடுக்கும்.

கோகிலன் வாட்ச்சை இயக்கி, பதிந்திருந்த எண்ணைத் தேடினான். 5619.

வாங்கிய அன்று அவனே பதிந்த எண் 3082. பெட்டியைப் பார்த்து மனைவி சுபாஷினி ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொல்லப் பதிந்தான். அதற்குப் பிறகு அவன் அதைத் தொட்டதே இல்லை.

"இன்னொரு நாள் பாக்கலாமா?" என்றான் ஷாஹிராவிடம். "நம்பரைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுறேன்."

எட்டு மாதத்துக்கு முன் அவனும் ராம்நாத்தும் பெர்ஹெந்தியான் தீவுக்கு டைவிங் கிளப்போடு போனார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். ராம்நாத்தின் குடும்பம் மூன்று தலைமுறையாக ஜார்ஜ் டவுனில் தொழில் செய்யும் செட்டியார் குடும்பம். கோகிலன் மருத்துவக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். நாள் முழுக்க அழுத்தமானிகளைப் படித்துக் கையெழுத்துப் போடுவதே அவன் வேலை. இருவரும் ஒரே நாளில் ஒரே மாதிரி வாட்ச் வாங்கினார்கள். "இனிமே எதுக்குடா அந்த முள்ளு மீட்டரும் ஹோஸும்?" என்று பழையதைக் கழற்றச் சொன்னவன் ராம்நாத். கிளப்பின் சாமான்களுக்குப் பொறுப்பாளனும் அவன்தான். அந்தப் பயணத்துக்கு முந்தின வாரம் இருவருடைய ரெகுலேட்டர்களையும் சர்வீஸ் செய்து, டிரான்ஸ்மிட்டர்களுக்குப் பேட்டரி மாற்றி, அவனே திருகித் தந்தான்.

கோகிலன் நிறையக் காற்று இழுப்பவன். கிளப்பில் அவனுக்கு 'லாரி' என்று பெயர். அன்றைக்குப் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அவன் வாட்ச் நூற்று இருபது காட்டியது. மூன்று மாதம் செய்த மூச்சுப் பயிற்சி பலித்துவிட்டதென்று பூரித்துப் போனான். அந்த நேரம் பார்த்து ராம்நாத் கையால் காட்டினான்: எனக்குக் காற்று குறைவு, மேலே போகலாம். கோகிலன் தன் வாட்ச்சைக் காட்டி, நீ போ, நான் முன்னால் போகும் வழிகாட்டி இக்மலோடு சேர்ந்துகொள்கிறேன் என்று சைகை செய்தான். துணையை விட்டுப் பிரியக் கூடாதென்பது முதல் பாடம். அந்தத் தவறு அவனுடையது. அதை அவன் எப்போதும் மறுத்ததில்லை.

ராம்நாத் போன சில நிமிடங்களில் வாட்ச்சில் எண் மறைந்து கோடு விழுந்தது. சிக்னல் சில வேளை விட்டுவிட்டு வரும் என்று நினைத்தான். பிறகு ஒரு மூச்சு கனமாக வந்தது. அடுத்தது வரவில்லை. இக்மல் திரும்பிப் பார்த்து, தன் உபரி வாய்க்குழாயைக் கொடுத்து மேலே கொண்டுவந்தார். மூக்கில் ரத்தம். படகில் ஆக்சிஜன் வைத்தார்கள். "நூத்தி இருபது காட்டிச்சு, நூத்தி இருபது" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். ராம்நாத் அவன் மணிக்கட்டிலிருந்து வாட்ச்சைக் கழற்றிப் பத்திரப்படுத்தினான். பத்து நிமிடம் கழித்து இக்மல் கேட்டபோது அதை நீட்டினான். வாட்ச் நான்கு பார் காட்டியது. அன்றைய பதிவைத் தேடினால் காணோம்; ஏதோ கோளாறு, ரீசெட் ஆகிவிட்டது என்றான் ராம்நாத்.

கிளப் கூட்டத்தில் அவனுக்காகப் பேசியவனும் ராம்நாத்தான். "ஆழத்துல மயக்கம் வர்றது சகஜம். நம்பரத் தப்பாப் படிக்கிறது யாருக்கும் நடக்கும். அவன மன்னிச்சிருங்க." ஒரு வருடத் தடையோடு விட்டார்கள். கோகிலன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

அதற்குப் பிறகு தொழிற்சாலையில் ஒரு மீட்டரை ஐந்து முறை படிக்க வேண்டியிருந்தது. இல்லாததைப் பார்க்கிற கண் என்ற நினைப்பு போகவில்லை. மூன்றாம் மாதம் தானே கேட்டுக் கிடங்கு வேலைக்கு மாறிக்கொண்டான். இப்போது அட்டைப் பெட்டி அடுக்குகிறான்.

ஷாஹிரா போன பிறகு அவன் இக்மலைக் கைப்பேசியில் அழைத்தான். இக்மல் படகில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் ஏறினாலும் படகோட்டி அவர்களுடைய டேங்கில் முள் மீட்டரை மாட்டிப் பார்ப்பார். பெயர், நேரம், மிச்சக் காற்று மூன்றையும் பலகையில் எழுதுவார். கரைக்கு வந்ததும் இக்மல் அதைப் படம் எடுத்துக்கொள்வார்.

"எட்டு மாசம் ஆச்சேடா, இப்ப எதுக்கு?" என்று மலாயில் கேட்டார். ஆனாலும் அன்றைய பலகைப் படத்தை அனுப்பினார்.

கோகிலன் படத்தைப் பெரிதாக்கினான். ராம்நாத், 10.42, 105, காது வலி. அடுத்த வரி: கோகிலன், 10.48, 4.

காற்று குறைவென்று சைகை காட்டிப் போனவன் டேங்கில் நூற்றைந்து பார். காது வலியாம்.

சுபாஷினி பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "என்னங்க அது?"

"நான் பாத்தது ராம்நாத் டேங்க். அவன் பாத்தது என்னுது." டிரான்ஸ்மிட்டர்கள் மாறியிருந்ததை அவளுக்கு விளக்கினான்.

அவள் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "நானும் உங்கள நம்பலையே" என்றாள்.

அவன் 5619 திருகியிருந்த ரெகுலேட்டரைப் படம் எடுத்துக்கொண்டு, அதைக் கழற்றிப் பையில் போட்டுச் சாவியை எடுத்தான்.

கிளப்பின் சாமான் அறை ஒரு பழைய கடைவீட்டின் பின்கட்டில் இருந்தது. சனிக்கிழமை மதியம். ராம்நாத் டைவிங் உடைகளைத் தொட்டியில் போட்டு ஹோஸால் அலசிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் அவனுக்குப் பயிற்றுநர் தேர்வு.

"டேய் லாரி! வாடா. சாமான் போணி ஆச்சா?"

"ஆகல. நம்பர் ஒத்துப் போகல."

ராம்நாத் ஹோஸை நிறுத்தவில்லை. தண்ணீர் தொட்டிக்கு வெளியே ஓடியது.

"என்ன நம்பர்?"

கோகிலன் பெட்டியை மேசையில் வைத்தான். "உன் ரெகுலேட்டர எடு."

"இப்ப எதுக்குடா..."

"எடு லா."

அவன் எடுக்காததால் கோகிலனே கொக்கியிலிருந்து இறக்கினான். 3082. கோகிலனின் எண்.

"சர்வீஸ்ல மாறியிருக்கும்டா. ரெண்டும் ஒரே கறுப்பு. வேணும்னே பண்ணுவேனா?"

"மாறுனது தப்பில்ல. யாருக்கும் நடக்கும். என் வாட்ச்சுல நம்பர எப்ப மாத்துன?"

ராம்நாத் ஹோஸைத் தொட்டிக்குள் திருப்பினான்.

"நான் மூக்குல ரத்தத்தோட படுத்திருக்கேன். நீ என் கையிலருந்து வாட்ச்சக் கழட்டுன. அப்பதானே?"

"பயந்துட்டேன்டா. சாமானுக்கு நான்தான் பொறுப்பு. நீ பொழச்சிட்ட, எந்திரிச்சு உக்காந்துட்ட. அப்புறம் எதுக்கு அதக் கிளறணும்னு..."

"நான் பொழச்சதுக்கு அப்புறம்தான் உனக்குத் தெரியுமா?"

"ஆமா. சத்தியமா."

கோகிலன் கைப்பேசியை அவன் முன்னால் நீட்டினான். ராம்நாத் பலகையின் படத்தைப் படித்தான். அவனுடைய வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குக் கண் போனதைக் கோகிலன் கவனித்தான்.

"நூத்தி அஞ்சுன்னு படகுக்காரர் சொன்னப்பவே உனக்குத் தெரிஞ்சுபோச்சு. காலியாகப் போறது யார் டேங்க்குன்னு. ஏணியத் தட்டியிருந்தா சத்தம் கேட்டு எல்லாரும் மேல வந்திருப்போம்."

"வந்தா ஏன்னு கேப்பாங்க." ராம்நாத்தின் குரல் இறங்கிவிட்டது. "நீ இக்மல் பக்கத்துல இருந்தடா. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"ஆறு நிமிசமா நெனச்சிக்கிட்டே இருந்தியா? காது வலின்னு வேற எழுதச் சொல்லிட்டு?"

ராம்நாத் ஒருவழியாகக் குழாயை மூடினான்.

"கண் டாக்டர்கிட்ட நீதான் என்ன கூட்டிட்டுப் போன, ராம். வெளிய ஒரு மணி நேரம் உக்காந்திருந்த. டாக்டர் கண்ணுல ஒண்ணும் இல்லன்னு சொன்னார். அப்ப மண்டையில ஏதோ இருக்குன்னு நான் கார்ல அழுதேன். நீ டிஷ்யூ எடுத்துக் குடுத்த."

"என்னால சொல்ல முடியலடா. ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னு..."

கோகிலன் சுவரிலிருந்த ஸ்பேனரை எடுத்து ராம்நாத்தின் ரெகுலேட்டரிலிருந்து தன் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றினான். தன் பையிலிருந்த 5619ஐ மேசையில் வைத்தான்.

"கிளப் குரூப்ல நீயே போடு. ஆறு மணி வரைக்கும் பாப்பேன்."

"கோகி, தேர்வு மட்டும் முடியட்டும்டா. ஒரு மாசம். அப்புறம் நானே எல்லார் முன்னாலயும்..."

கோகிலன் வெளியே வந்துவிட்டான்.

ஆறு மணி ஆனபோது அவன் வீட்டில் இருந்தான். சுபாஷினி கோப்பி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். குரூப்பில் ராம்நாத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. அடுத்த பயணத்துக்கு வருகிறவர்கள் தங்கள் ரெகுலேட்டர்களைச் சர்வீஸுக்கு வெள்ளிக்கிழமைக்குள் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டிருந்தான். கீழே இரண்டு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

கோகிலன் இன்னும் கால் மணி நேரம் காத்திருந்தான். வேறு எதுவும் வரவில்லை.

பெட்டியின் படத்தைப் போட்டான். 5619 திருகியிருந்த தன் ரெகுலேட்டரைக் காலையில் எடுத்த படத்தைப் போட்டான். பலகையின் படத்தைப் போட்டு, 10.42ஐயும் 10.48ஐயும் சிவப்பால் வட்டமிட்டான். நடந்ததை நான்கு வரியில் எழுதினான். ராம்நாத்தைப் பற்றி அதில் ஒரு வசவும் இல்லை. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்தான்.

கடைசி வரியைச் சேர்த்தபின் அனுப்பும் முன் சுபாஷினியிடம் காட்டினான். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"நூற்று இருபது என்று பார்த்தேன். நான் பார்த்தது சரி."

"அனுப்புங்க" என்றாள்.